மூக்கம்மாள் வாங்காத போர்வை

எங்கள் ஒட்டுப்போர்வைக் குழுவுக்குப் பத்து வருடம் நிறைந்ததற்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், கலர் படங்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தின் தரையில் விரித்த பெரிய போர்வை ஒன்றின் படம். அதன்மேல் ஆறு குழந்தைகள் தூங்குகின்றன. கீழே, "நமது தலைவி திருமதி ராமலட்சுமி அவர்களின் பெருமுயற்சியால் குழந்தைகளுக்கு அன்பளிப்பு" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை வாசித்தேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒரு பொய்யை வாசித்துப் புரிந்துகொள்ள நாலாம் வகுப்பு தாராளமாகப் போதும்.

அந்தப் போர்வை அன்பளிப்பு இல்லை. மூக்கம்மாள் என்கிற ஒரு பெண்ணை இந்த மலையை விட்டு இறக்கிவிடுவதற்காகத் தைத்த போர்வை அது. அவள் வாங்க மாட்டேன் என்றாள். அதனால்தான் அது குழந்தைகளுக்கு வந்தது. நாற்பத்தெட்டுப் பக்க மலரில் தலைவியின் படம் ஏழு இடத்தில் இருக்கிறது. டீ கொடுத்த கடைக்காரருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார்கள். மூக்கம்மாள் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அவர்கள் எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன். யாராவது அச்சுப் போட்டால் போடட்டும். இல்லாவிட்டால் என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன். மூணாறு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மரியஜோசப். சோலைக்கரைத் தேயிலை எஸ்டேட் பஜாரில் தையல் கடை. பதினான்கு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு மலையேறி வந்தேன். பிறத்தியார் கடையில் பட்டன் தைத்தேன், காஜா எடுத்தேன், வாசல் கூட்டினேன். இருபத்தாறு வயதில் சொந்த மெஷின். இன்று மூன்று மெஷின், மாடி வைத்த வீடு, எழுபத்திரண்டு வயது. இந்த மலையில் என் அளவு நாடா படாத தோள் குறைவு. எஸ்டேட் துரைமார் எத்தனையோ பேர் வந்து போனார்கள். அவர்களுடைய கால்சட்டைக்கெல்லாம் இடுப்பு பிடித்தவன் நான். கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவேன், அரை அங்குலம் பிசகாது. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன். பட்ட பாட்டுக்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

அந்த ஒட்டுப்போர்வைக் குழு ஆரம்பித்ததே என் கடைத் திண்டாட்டத்தில்தான். வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் வந்து, "அண்ணாச்சி, குளிருக்கு ஒட்டுப்போட்டுக்கிடுதோம், தாங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். ஆளுக்கு ஒரு மூலையில் தைக்கிறதை ஏன் சேர்ந்து தைக்கக் கூடாது என்று கேட்டது நான். எஸ்டேட்டின் மேல் பகுதியான டாப் டிவிஷன் லயத்தில் மொத்தம் ஐம்பத்தாறு வீடு. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைக் காப்பகத்தில் கூடுவார்கள். மேலே ஒட்டுத்துண்டு, நடுவில் பழைய கம்பளி, அடியில் பழைய சேலை. தரையில் விரித்து நாலு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவார்கள். துண்டுகளை அட்டை அளவு வைத்து வெட்டுவது நான். கடைசியில் சுற்றிலும் ஓரம் அடிப்பதும் என் மெஷின். ஐம்பத்தாறு பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண். அப்படிப்பட்ட ஆலோசகர் இந்த ஜில்லாவில் வேறு எந்தக் குழுவுக்கு இருக்கிறார்?

டிவிஷனில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் போர்வை தைத்தோம். மண் சரிந்த வருடம் முகாமுக்கு நாற்பது போர்வை பதினொரு நாளில் முடித்தோம். மழை நிற்கவில்லை, கரண்ட் இல்லை, கால் மெஷினிலேயே முடித்தேன். தேவிகுளம் பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர்கள் இப்போது ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை இறக்கப்போர்வை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மலையை விட்டுக் கீழே சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ஐம்பத்தாறு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒரு துண்டு வாங்கித் தைத்துக் கொடுப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்ட வேண்டும். போர்வையைக் கையில் வைப்பார்கள். பெண்கள் குலவை போடுவார்கள். கை நீட்டி வாங்கிவிட்டால் ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வாங்கிவிட்டு இங்கேயே இருந்தவர் யாரும் கிடையாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி அது.

இதில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. முதல் வருடம் நாச்சம்மாளுக்கு இறக்கப்போர்வை கொடுத்தோம். போன ஒரு வாரத்தில் அவள் கீழேயிருந்து போன் போட்டாள். "அண்ணாச்சி, எவளோ ஒருத்தி அடுப்புக் கரித்துணியக் குடுத்திருக்கா. போர்வ பூரா மண்ணெண்ண வாட. அந்தக் குழாயடிச் சண்டைய இன்னும் மறக்கலையா அவ?" என்று அழுதாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: இனிமேல் யாருக்குத் தைக்கிறோம் என்று கொடுக்கிற நாள்வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. யாருக்கென்று தெரியாவிட்டால் எல்லாரும் நல்ல துணியாகக் கொடுப்பார்கள். தலைவிக்குத் தெரியும். மூலையில் பெயரைத் தைப்பவன் என்பதால் எனக்குத் தெரியும். மூன்றாவது காதுக்குப் போகாது. அதன்பிறகு அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. நல்ல சட்டம்தான். அதில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி மூக்கம்மாள்.

அவள் பிறந்தது இதே டாப் டிவிஷன் லயத்தில், கடைசி வீட்டில். அவளுடைய அப்பன் குருவிகுளத்திலிருந்து வந்தவர். அந்த ஊரை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். ஒரு தரம் சித்தப்பா கல்யாணத்துக்கு, இன்னொரு தரம் அப்பனைப் புதைக்க. இரண்டாவது தரம் போனபோது அந்த ஊரில் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கேட்டதற்கு, "எந்த ஊரு நீ?" என்று கேட்டார்களாம்.

வயது வந்ததும் டெம்பரவரியாகக் கொழுந்துக்குப் போனாள், இருபத்து மூன்றில் நிரந்தரம் ஆனாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி வலது ஆள்காட்டி விரலின் நுனி போனது. எத்தனை பேர் அதோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? அவள் மூன்று வாரத்தில் திரும்பி வந்து இடது கையால் கிள்ளப் பழகினாள். இரண்டு வருடத்தில் டிவிஷனில் அதிகம் எடுக்கிற நாலு பேரில் ஒருத்தியாக இருந்தாள். புருஷன் மழையில் மரம் விழுந்து போய்ச் சேர்ந்தார். ஒரே மகன், பாண்டீஸ்வரன். அவனை வளர்த்து எடுத்தாள். அவனுக்கு இப்போது எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

தையலும் இடது கைதான். மற்றப் பெண்களின் தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் மூக்கம்மாள் தையல் எதிர்ப்பக்கம் சாயும். நூறு போர்வையைக் குவித்து வைத்தாலும் அவள் போட்ட வரிசை எது என்று நான் காட்டிவிடுவேன். நெருக்கமான தையல், நூலை இறுக்கி இழுக்க மாட்டாள். நான் யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை. ஐம்பது வருடத்தில் நான் பார்த்த கைத்தையலில் அதுதான் நல்ல தையல். எனக்கு மெஷின் வேண்டும். அவளுக்கு ஒரு ஊசி போதும்.

போன வருடம் அவளுக்கு அறுபது முடிந்தது. வேலையிலிருந்து நின்றாள். இங்கே எஸ்டேட் வழக்கம் என்னவென்றால், ஓய்வு பெற்றவர் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகனோ மகளோ நிரந்தர வேலையில் இருந்தால் வீடு அவர்கள் பெயருக்கு மாறும். பாண்டீஸ்வரன் ஆறு வருடமாக டெம்பரவரி. நிரந்தரம் ஆக்கச் சொல்லி மனு கொடுத்து, அது ஆபீஸில் நகர்ந்துகொண்டிருந்தது. அது வருகிற வரைக்கும் தாயார் வீட்டில் இருக்க வேண்டும். தாயார் தானாகவே இறங்கிப் போகிறேன் என்றால் வீடு போய்விடும். ஆறு வருடம் காத்திருந்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவான்?

அது நல்ல வீடு. வரிசையின் கடைசி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் இடம். மூக்கம்மாள் அதில் பீன்ஸ் போட்டாள், சௌசௌ பந்தல் போட்டாள். குழாய் வாசலிலேயே. அந்த வீட்டின்மேல் தலைவி ராமலட்சுமிக்குக் கண். அவள் புருஷன் ரத்தினசாமி டிவிஷன் சூப்பர்வைசர். அவள் தங்கை குடும்பம் புதிதாக நிரந்தரமாகி வீட்டுக்குக் காத்திருந்தது.

இவ்வளவும் பின்னால் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறது. ஆவணி மாதம் ராமலட்சுமி வந்து, "ஒரு இறக்கப்போர்வை இருக்கு, சீக்கிரம் முடிக்கணும். காலமெல்லாம் ஒழச்சவுக, நல்ல துணியா குடுங்க" என்று சொன்னபோது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த வருடம் மூன்று நாலு பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள்.

மூக்கம்மாள் ஒரு ஆகாய நீலச் சேலையோடு கடைக்கு வந்தாள். எஸ்டேட் பதிவேடான செக்ரோலில் நிரந்தரமாகப் பெயர் ஏறிய மாதம் அவள் தனக்கென்று வாங்கிய முதல் சேலை. எனக்குத் தெரியும், அதற்கு ரவிக்கை தைத்தது நான்.

"நடுவுல வெட்டுங்க அண்ணாச்சி. ஓரம் நஞ்சு போச்சு."

"நடுவுல வெட்டினா மிச்சம் எதுக்கும் ஆகாதே தாயி. முந்தியில ஒரு துண்டு எடுத்துக்கிடுதேன்."

"இறங்குறவுக திரும்பியா வரப் போறாக? நல்லதா ஒரு துண்டு குடுப்போம். வெட்டுங்க."

வெட்டினேன். என் கத்திரியால் வெட்டினேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை தைத்தார்கள். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து துண்டு சரி பார்த்துக்கொண்டிருந்தேன். சிசிலி என்று ஒரு பெண் உண்டு, எங்கள் மாதா கோயில்காரி. வாய் ஓயாது. அவள்தான் ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். இறங்குறவுக எல்லாரும் போறது சங்கரன்கோயில் பக்கம், சிவகிரி பக்கம். கருவாடு காயிற வெயிலு. அங்க இம்புட்டுக் கனத்துல போர்வைய வச்சு என்னத்தச் செய்வாக?"

"மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிடுவாக" என்றாள் மூக்கம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்பத்தாறு வீடும் தலைக்குக் கீழ கெடக்கும்ல."

"அப்ப என் புருசன் லுங்கித் துண்டுல மட்டும் காத வைக்க வேண்டாம்னு சொல்லிரணும். அவுக கொறட்டை அதுல ஒட்டிக் கெடக்கும். தூங்க விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். ராமலட்சுமியும் சிரித்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வரிசையில் நாலு வரிசையை மூக்கம்மாள் ஓட்டினாள். தன்னை அனுப்புகிற போர்வைக்குத் தானே தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து, "மதினி, இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை போர்வை ஓரம் அடிக்க என்னிடம் வந்தது. மடிப்புக்குள் சீட்டு. மூலையில் என்ன தைக்க வேண்டும் என்று தலைவி எப்போதும் எழுதி அனுப்புவாள். பெயர், வேலை செய்த வருடம், போகிற ஊர். பிரித்துப் பார்த்தேன்.

மூக்கம்மாள். முப்பத்தேழு வருடம். குருவிகுளம்.

மெஷினை நிறுத்திவிட்டு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு நடந்தேன். ராமலட்சுமி வீட்டு வாசலில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சீட்டு யாரு எழுதுனது?"

"நாந்தான் அண்ணாச்சி. ஏன், எழுத்து வெளங்கலையா?"

"எழுத்து நல்லா வெளங்குது. நோக்கந்தான் வெளங்கல. மூக்கம்மா இறங்குதேன்னு யார்கிட்டச் சொன்னா?"

"அறுவது முடிஞ்சு எத்தன மாசமாச்சு? அவுகளா சொல்லுவாகளா? நாமதான் பாத்து மரியாதையா அனுப்பணும்."

"குருவிகுளத்துல அவளுக்கு யாரு இருக்கா?"

"சொந்த ஊருன்னு இருக்கும்ல."

"அது அவ அப்பன் ஊரு. ஒன் தங்கச்சிக்குக் கடைசி வீடு வேணும்னா நேராச் சொல்லு. அதுக்கு எதுக்கு ஊரையே உக்கார வச்சுத் தைக்கச் சொல்லுத?"

முறத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவள் சாமர்த்தியம்.

"அண்ணாச்சி, நீங்க போர்வைக்கு ஓரம் அடிக்கிற ஆளு. அடுத்தவுக வீட்டுக்கெல்லாம் ஓரம் அடிக்க வேண்டாம். பேர வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதான? போங்க, போயி அவுககிட்டச் சொல்லுங்க. டெய்லரு தான் தச்சதத் தானே கிழிச்சாருன்னு லயமே சிரிக்கும்."

சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். துரைமாரிடமே பின்வாங்காதவன் நான். அன்று பின்வாங்கினேன்.

நேரே போய் மூக்கம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் காத்த சட்டத்தை நானே உடைத்தால் அடுத்த போர்வைக்கு யார் நல்ல துணி கொடுப்பார்கள் என்று மூன்று நாள் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. என் சட்டம் தப்பாகப் போனது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதும்போது ராமலட்சுமிமேல் வருகிற கோபத்தில் கொஞ்சம் என்மேலும் வருகிறது. வரட்டும்.

ஆனால் ஒன்று செய்தேன். மூலையில் மூக்கம்மாள் என்று தைத்தேன். முப்பத்தேழு வருடம் என்று தைத்தேன். அதற்குக் கீழே ஊர் பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்வையை வாங்கிப் பார்த்த ராமலட்சுமியின் முகம் சுருங்கியது. "ஊரு பேரு எங்க?"

"தைக்க மாட்டேன்."

"நூலு தீந்து போச்சா?"

"என்கிட்ட நூலு தீராது. தைக்க மாட்டேன்."

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது. அவள் போர்வையை மூலை உள்ளே போகும்படி மடித்து வைத்தாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. ராமலட்சுமி எழுந்து, உழைப்பு, தியாகம் என்று நிறையப் பேசிவிட்டு, "மூக்கம்மாள்!" என்று கூப்பிட்டாள்.

மூக்கம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்கள் டிவிஷனில் வேறு மூக்கம்மாள் கிடையாது. சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியைக்கூட எடுக்காமல் மெதுவாக எழுந்து வந்தாள். பழக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள் குலவையை ஆரம்பித்தார்கள். "ஏ, நிறுத்துங்கட்டி! இவுக எங்க போறாக?" என்று சிசிலி அதட்டியதும் அது பாதியில் நின்றது.

"கைய நீட்டுங்க மதினி" என்றாள் ராமலட்சுமி.

மூக்கம்மாள் கையை நீட்டவில்லை. போர்வையைப் பார்த்தாள். மேல் மடிப்பில் ஆகாய நீலத் துண்டு இருந்தது.

"இது நான் குடுத்தது. இந்த வரிசை நான் ஓட்டினது. எனக்கா?"

"ஆமா மதினி. முப்பத்தேழு வருசம் ஒழச்சிருக்கீக. உங்களுக்கு இல்லாம யாருக்கு?"

"எங்க போறதுக்கு?"

மூக்கம்மாள் மடிப்பைத் திருப்பி மூலையைத் தேடி எடுத்தாள். அவளுக்குத் தன் பெயரைப் படிக்கத் தெரியும். விரலால் தடவித் தடவிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஊரு பேரு இல்லையே?"

"எந்த ஊருன்னு எனக்குத் தெரியல தாயி. நீ சொன்னா இப்பவே தச்சுத் தாரேன்."

"எனக்கும் தெரியல. நான் இங்கதான பொறந்தேன்."

கூட்டத்தில் சலசலப்பு. வாசல் பக்கம் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுக் கதை பலருக்கு அப்போதுதான் உறைத்தது. ராமலட்சுமியும் அதைப் புரிந்துகொண்டாள். அதனால்தான் அடுத்த வார்த்தையை அப்படிப் போட்டாள்.

"சபையில கொண்டாந்தத வேண்டாம்னு சொல்லப்படாது மதினி. அம்பத்தாறு வீட்டுத் துணி இது. வாங்க மாட்டேன்னா அம்பத்தாறு வீட்டையும் அவமதிக்கதா அர்த்தம்."

என்ன புத்தி பாருங்கள்! வாங்கினால் வீடு போகும். வாங்காவிட்டால் ஊர் முகம் சுளிக்கும். நல்ல துணியாகத் தேடித் தேடிக் கொடுத்தவர்கள்தான் எல்லாரும். கல்யாணச் சேலையில் வெட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. சிலர் முகம் வாடிவிட்டது. மூக்கம்மாள் அந்த முகங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் எழுந்து கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என்னிடம் வந்தாள்.

"பிளேடு இருக்கா அண்ணாச்சி?"

என் சட்டைப் பையில் பாதி பிளேடு காகிதத்தில் சுற்றி எப்போதும் இருக்கும். கொடுத்தேன்.

போர்வையை ராமலட்சுமி கையிலிருந்து அவள் வாங்கவில்லை. "தரையில விரிங்கட்டி" என்றாள். விரித்தார்கள். மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையில் பிளேடைப் பிடித்து, என் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு எழுத்துக்குப் பின் அடுத்த எழுத்து. துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. நூலை நறுக்கி நறுக்கி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

நாற்பத்தைந்து வருடத்தில் என் தையலை யாரும் பிரித்துத் தைத்தது கிடையாது. இந்த பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்று என் கண் முன்னால் பிரித்தாள், நான் கொடுத்த பிளேடால் பிரித்தாள். வெளிச்சம் மறைக்காமல் ஒதுங்கி நின்றேன்.

முடித்துவிட்டு எழுந்தாள்.

"இப்ப யாரு பேரும் இல்ல. அம்பத்தாறு வீட்டுத் துணியும் வச்ச எடத்துல அப்படியே இருக்கு. நான் ஒருத்தரையும் அவமதிக்கல. போறவுகளுக்குன்னு தச்சது, வந்த புள்ளைகளுக்கு ஆகட்டும். இங்கயே கெடக்கட்டும். நானும் இங்கயே கெடக்கேன்."

இவ்வளவுதான் பேசினாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் சபையில் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சிசிலி தன் பக்கத்தில் நின்ற ஒருத்தியின் இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தையைப் பிடுங்கிப் போர்வை நடுவில் படுக்க வைத்தாள். "இந்தா, மொத ஆளு வந்தாச்சு. ஈரம் பண்ணினா டெய்லரண்ணன் தொவைப்பாரு. அவர் சட்டத்தால வந்ததுதான இம்புட்டும்!" என்று சொல்லிவிட்டுக் குலவை போட்டாள். இந்த முறை அது பாதியில் நிற்கவில்லை. சிசிலி என்னைச் சொன்னது சரிதான். ராமலட்சுமி எப்போது வெளியே போனாள் என்று நான் பார்க்கவில்லை.

அதோடு முடிந்ததா? வீட்டைக் காலி செய்யச் சொல்லி இரண்டு முறை கடிதம் வந்தது. ஐம்பத்தாறு வீட்டில் ஐம்பத்திரண்டு வீடு மனுவில் கையெழுத்தும் கைநாட்டும் போட்டது. அந்த மனுவை எழுதியவன் நான். ஆபீஸ் கிளார்க் அதைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாராம். கோழி கிளறினாலும் கிடைக்க வேண்டியது கிடைத்தது. தை மாதம் பாண்டீஸ்வரனுக்கு நிரந்தரம் வந்தது. கடைசி வீடு இன்று அவன் பெயரில் இருக்கிறது. சௌசௌ பந்தலும் அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை எனக்கு நாலு காய் வருகிறது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

என் சட்டத்தையும் மாற்றிவிட்டேன். இப்போது சீட்டு முதலில் போகிறவர் கைக்குப் போகும். அவர் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் முதல் துண்டை வெட்டுவேன். மற்றவர்களுக்கு ரகசியம் ரகசியம்தான். போட்டவனுக்குத்தான் திருத்தவும் உரிமை.

மலரை எடுத்துக்கொண்டு போய் மூக்கம்மாளிடம் காட்டினேன். படத்தைப் பார்த்தாள், கீழே எழுதியிருந்ததை நான் வாசிக்கக் கேட்டாள்.

"இது எவ்வளவு பெரிய பொய் பாத்தியா தாயி?"

"விடுங்க அண்ணாச்சி. புள்ளைக நல்லாத் தூங்குதுக. அது போதும்."

அவளுக்குப் போதும். எனக்குப் போதாது. இறக்கிவிடப் பார்த்தவள் பெயர் அச்சில் ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்று நின்றவள் பெயர் ஒரு வரியிலும் இல்லை என்றால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு காஜா எடுப்பேன்?

நம்பாதவர்கள் பிள்ளைக் காப்பகத்துக்குப் போங்கள். போர்வையின் வலது கீழ் மூலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். நூலைத்தான் அவள் எடுத்தாள். என் மெஷின் ஊசி போட்ட ஓட்டை அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் வரிசையாக. எத்தனை துவைப்பு ஆகியும் மூடவில்லை. மூக்கம்மாள் என்று தெளிவாக வாசிக்கலாம். நாலாம் வகுப்பு போதும்.